கடை முதலாளியும் கர்ப்பிணித் தொழிலாளியும்

(ஜவுளிக்கடைச் சிப்பந்திகளும், ஆலைத் தொழிலாளர்களும், வியாபாரிகளும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் பேசியது)



தொழில் நடத்துகிறவர்கள், தம்மிடம் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைப்பேறு சம்பந்தமான சுகத்துக்கும் உரிமைக்கும் என்ன செய்யவேண்டும் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று நம்மைக் கேட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பை நோட்டீசில் பார்த்தவுடன் சிலர் சிரித்தார்களாம். "கடைக்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம்? அது வீட்டுக் காரியம், பொம்பளைகள் காரியம். அதைப் பேசுவதற்கு ஒரு மேடையா?" என்று கேட்டார்களாம். அப்படிச் சிரித்தவர்களுக்கு நாம் நன்றி செலுத்துகிறோம். ஏனென்றால் நாம் இன்று பேசவேண்டியதே அந்தச் சிரிப்பைப் பற்றித்தான்.

பிள்ளைப்பேறு வீட்டுக் காரியம் என்பது உண்மையானால், வேலை கேட்டு வருகிற பெண்ணிடம் முதலாளி முதலில் கேட்கிற கேள்வி என்ன? "என்ன படித்திருக்கிறாய்?" என்றா கேட்கிறார்? "கல்யாணமாகிவிட்டதா? குழந்தை உண்டா? இன்னும் பெறுவதாக உத்தேசமா?" என்றல்லவா கேட்கிறார்! ஒரு ஆணிடம் எந்த முதலாளியாவது இப்படிக் கேட்டதுண்டா? அவனுக்கு எட்டுப் பிள்ளைகள் இருந்தாலும் அவன் தொழிலாளி. அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தாலும் அவள் தாயார். ஆகவே அந்தக் காரியத்தைக் கடைக்குள் இழுத்து வந்தவர் முதலாளியே ஒழிய நாமல்ல. வேலையை மறுப்பதற்கு மாத்திரம் அது கடைக் காரியம். உதவி செய்யவேண்டும் என்று கேட்டால் அது வீட்டுக் காரியம். இது என்ன நியாயம்?

இது ஏதோ படிக்காத கடைக்காரர்கள் செய்கிற காரியமென்று நினைத்துவிடாதீர்கள். சர்க்காருக்குச் சொந்தமான ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனே, உத்தியோகத்துக்கு வரும் பெண்களிடம், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, எத்தனை தடவை கர்ப்பம் தரித்தாய், கர்ப்பம் கலைந்ததுண்டா என்றெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கேள்விகள் பெண்ணின் மானத்துக்குக் கேடு, இவைகளை எடுத்துவிடவேண்டும் என்று 1991இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லவேண்டியிருந்தது. விமான கம்பெனியிலோ, ஆகாயத்தில் பறக்கும் பணிப்பெண் முதல் தடவை கர்ப்பமானதும் வேலை போய்விடும் என்று ஒரு விதி இருந்தது. அதை 1981இல் சுப்ரீம் கோர்ட்டு அடித்துத் தள்ளிற்று. ஆனால் அதே தீர்ப்பில், வேலைக்கு வந்த நான்கு வருஷத்துக்குள் கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது என்ற விதியை மாத்திரம் நியாயமென்று ஒப்புக்கொண்டுவிட்டது. ஆகாயத்தில் பறந்தாலும் பெண்ணின் காலில் கட்டிய கயிறு பூமியில்தான் இருக்கிறது என்பதற்கு வேறு என்ன ருசு வேண்டும்?

நிற்க, பிறரைப் பற்றிப் பேசுவது சுலபம். நம்மவர்களைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர் இருக்கிறார். ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். நல்ல இயக்கக்காரர். எத்தனையோ சுயமரியாதைத் திருமணங்களுக்குத் தலைமை வகித்து, பெண்ணும் ஆணும் சமம் என்று மணிக்கணக்காகப் பேசியவர். அவர் கடையில் சிப்பந்திகள் 9 பேர். அதில் ஆறு பேர் பெண்கள். அதில் ஒரு பெண் ஐந்து வருஷமாகப் புடவைப் பகுதியில் நின்று வேலை செய்தவள். அவள் கர்ப்பமானாள். ஆறாம் மாதம், "இனிமேல் உனக்குக் கஷ்டம், வீட்டில் இரு அம்மா, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லி, கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். பிள்ளை பிறந்து நான்காம் மாதம் அவள் வந்து கேட்டபோது அந்த இடத்தில் வேறு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இதைக் கேள்விப்பட்டு நாம் அவரிடம் பேசினோம். அவர் சொன்ன பதில் இது: "தோழரே, கொள்கை வேறு, வியாபாரம் வேறு. வேலை செய்யாத ஆறு மாதத்துக்குச் சம்பளம் கொடுக்க நான் என்ன தர்ம ஆஸ்பத்திரியா நடத்துகிறேன்? சட்டங்கூட என்னைக் கேட்கவில்லையே!"

தோழர்களே! அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. சட்டம் அவரைக் கேட்கவில்லைதான். ஆகவே சட்டத்தின் கதையை முதலில் பார்ப்போம்.

இந்நாட்டில் பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு ஓய்வும் உதவியும் கொடுக்கவேண்டும் என்பது யாரும் தானாகக் கொடுத்ததல்ல. 1919இல் வாஷிங்டனில் கூடிய உலகத் தொழிலாளர் மகாநாடு, பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 6 வாரம் ஓய்வு வேண்டுமென்று ஒரு உடன்படிக்கை செய்தது. பம்பாய் சட்டசபையில் 1928இல் இந்த மசோதா வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். 1929இல் அங்கு சட்டமாயிற்று. நம் சென்னை மாகாணத்தில் 1934இல் வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாக வந்தது 1961இல்தான். அதில் 12 வாரமாக இருந்த விடுமுறையை 2017இல் 26 வாரமாக்கினார்கள். இப்போது 2020ஆம் வருஷத்திய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இவைகளைச் சேர்த்து, 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அந்தச் சட்டம் என்ன சொல்லுகிறது? பிரசவ தேதிக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தாலே, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுமுறை. கர்ப்பம் கலைந்துவிட்டாலோ, டாக்டரைக் கொண்டு சட்டப்படி கலைத்துக்கொண்டாலோ 6 வாரம். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணுக்கு 2 வாரம். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளொன்றுக்கு இரண்டு இடைவேளை. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம். லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கக்கூடாது. தினக்கூலிப் பெண்களுக்கும் பிரசவ உதவி உண்டென்று 2000இலேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இங்கே இருக்கிற தாய்மார்களில் எத்தனை பேருக்கு, கர்ப்பம் கலைந்தால் 6 வாரம் சம்பள விடுமுறை உண்டு என்பது தெரியும்? தெரியாது. ஏனென்றால், எந்த முதலாளியும் ஆடித் தள்ளுபடிக்கு அச்சடிக்கும் நோட்டீசில் நூற்றில் ஒன்றைக்கூட இதற்கு அச்சடிப்பதில்லை.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் இவைகளுக்குச் சட்டம் செல்லும். கடைகளுக்கோ 10 பேரும் அதற்கு மேலும் இருந்தால்தான் செல்லும். நம் தோழர் கடையில் 9 பேர்! பத்தாவது ஆள் வேண்டியிருந்தும் அவர் வைக்காமலிருப்பதற்கு இதுதான் காரணமோ என்று நாம் சந்தேகிக்கவில்லை. நீங்கள் சந்தேகித்தால் அதற்கு நாம் பொறுப்பாளியல்ல.

சட்டம் எட்டாத இடத்தில்தானே மனிதனுடைய கொள்கைக்கு வேலை? போலீஸ்காரர் நிற்கிற இடத்தில் திருடாதிருப்பது யோக்கியதை ஆகுமா?

சரி, கொள்கையை விட்டுவிடுவோம், கணக்குப் பார்ப்போம். மாதம் 10,000 ரூபாய் சம்பளமென்றால் 26 வாரத்துக்குச் சுமார் 60,000 ரூபாய் ஆகிறது. ஒரு பெண் 20 வருஷம் வேலை செய்து இரண்டு பிள்ளை பெற்றால் 1,20,000 ரூபாய். வருஷத்துக்கு 6,000. மாதத்துக்கு 500. இந்த 500 ரூபாய்க்காகத்தான் ஐந்து வருஷம் பழகிய, வாடிக்கைக்காரர் முகம் பார்த்து எந்தப் புடவையை விரிக்கலாம் என்று அறிந்த பெண்ணைத் தொலைத்துவிட்டு, பருத்திக்கும் பட்டுக்கும் வித்தியாசம் தெரியாத பெண்ணை வைத்து அவர் பாடுபடுகிறார். அதே தோழர் வருஷந்தோறும், "வாடிக்கைக்காரர்களுக்காக" என்று சொல்லிக்கொண்டு, ஆயுத பூஜைக்குப் பந்தலும் பொரிகடலையும் சீரியல் விளக்கும் போடுகிறாரே, அந்தச் செலவு எந்தக் கொள்கையின் கீழ் வருகிறது? தராசுக்கும் கத்தரிக்கோலுக்கும் ஒரு நாள் ஓய்வு கொடுத்துப் பூச்சூட்டுகிற நாட்டில், அவைகளைப் பிடிக்கிற கைக்கு ஓய்வு கிடையாது!

இங்கு ஒரு நியாயமான ஆட்சேபணை இருக்கிறது. ஒரு முதலாளியின் தலையிலேயே முழுச் செலவையும் போட்டால், அவர் பெண்களை வேலைக்கே எடுக்கமாட்டார் என்பது உண்மை. 1919ஆம் வருஷத்து உடன்படிக்கையே இந்தப் பணத்தைப் பொது நிதியிலிருந்தோ இன்ஷூரன்சிலிருந்தோ கொடுக்கவேண்டும் என்றுதான் சொல்லிற்று. நம் நாட்டில் அதற்கு வழி இ.எஸ்.ஐ. சம்பளத்தில் நூற்றுக்கு 3.25 முதலாளியும், 0.75 தொழிலாளியும் கட்டுகிறார்கள். 10,000 ரூபாய்க்கு முதலாளி பங்கு 325, தொழிலாளி பங்கு 75. பிரசவகாலச் சம்பளத்தை அந்த நிதி கொடுத்துவிடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம் கட்டுவதால் பெண்ணை ஒதுக்குவதில் லாபமும் இல்லை. 10 பேருக்குக் குறைந்த இடமும், முதலாளியும் பெரும்பாலான சிப்பந்திகளும் ஒப்பினால், தாமாகவே சேரலாமென்று புதிய சட்டத்தொகுப்பு வழி வைத்திருக்கிறது. 9 பேருக்கும் கட்டவேண்டும் என்பது வாஸ்தவந்தான். ஆனால் 9 பேரின் காய்ச்சலுக்கும் கைமுறிவுக்கும் வைத்தியம் அதிலேயே அடங்கிவிடுகிறது. ஆகவே "எனக்குக் கட்டாது" என்பது கணக்குத் தெரியாதவர் பேச்சு, அல்லது கணக்குப் போட மனமில்லாதவர் பேச்சு.

இனி, பணத்தால் மாத்திரம் ஆகிற காரியமல்ல இது. வேலை செய்கிற இடம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஜவுளிக்கடைப் பெண் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருக்கவேண்டும் என்பது ஒரு எழுதாத விதி. கேரளத்துக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடி, 2018இல் அங்கு சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021இல் சிப்பந்திகளுக்கு இருக்கை போடவேண்டுமென்று சட்டம் செய்யப்பட்டது. உட்காருவதற்கு ஒரு சட்டம் செய்யவேண்டிய நாட்டில் நாம் இருக்கிறோம்! முக்காலி போட்ட கடைகளிலும் அதில் உட்கார்ந்தால் மேஸ்திரி முறைக்கிறார் என்று சிப்பந்திகள் சொல்லுகிறார்கள். அப்படியானால் அந்த முக்காலி இன்ஸ்பெக்டருக்காகப் போடப்பட்டதே ஒழிய மனிதருக்காக அல்ல.

கழிவறை இல்லாத கடைகள் எத்தனை? போகவேண்டி வருமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமலிருந்து நீர்க்கடுப்பு வந்து கஷ்டப்படும் பெண்கள் எத்தனை பேர்? மாதவிலக்கு நாளில் வலிக்கிறது என்று சொன்னால் சில நூற்பாலைகளிலும் தையற்சாலைகளிலும் ஒரு மாத்திரையைக் கொடுத்து மறுபடி மெஷினுக்கு அனுப்புவதாகவும், அந்த மாத்திரையின் பெயர்கூடப் பெண்களுக்குத் தெரிவதில்லை என்றும் 2019இல் ஒரு செய்தி நிறுவனம் தமிழ்நாட்டுப் பெண் தொழிலாளர்களை விசாரித்து வெளியிட்டது. தூரமான பெண்ணை வீட்டுக்கு வெளியே உட்காரவைத்த மூடநம்பிக்கையை நாம் கண்டித்தோம். தீட்டு என்று சொல்லி விலக்கினது வைதிகம். மாத்திரையைக் கொடுத்து மெஷினில் நிறுத்துவது முதலாளித்துவம். இரண்டுக்கும் அவளுடைய வலியைப் பற்றிக் கவலையில்லை. பீகார் சர்க்கார் 1992இலேயே தன் பெண் சிப்பந்திகளுக்கு மாதம் 2 நாள் விடுமுறை கொடுத்தது. அதனால் அந்த சர்க்கார் கவிழ்ந்துவிடவில்லை.

வெயிலில் வேலை செய்யும் கர்ப்பிணிகளின் கதி இன்னும் மோசம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் நம் தமிழ்நாட்டிலேயே 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். உப்பளம், செங்கற்சூளை, வயல் போன்ற சூடான இடங்களில் உழைத்தவர்களுக்குக் கர்ப்பம் கலையும் அபாயம் மற்றவர்களைப்போல் இரண்டு மடங்கு என்று கண்டார்கள். கர்ப்பம் கலைந்தால் "கண்ணேறு" என்கிறோம், "செய்வினை" என்கிறோம், மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம். நிழலுக்கு ஒரு கீற்றுப் பந்தலும், குடிக்கத் தண்ணீரும், உச்சி வேளையில் ஓய்வும் கொடுத்தால் போகக்கூடிய கேட்டுக்கு மந்திரவாதி எதற்கு?

இவைகளை அலட்சியம் செய்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மராட்டிய தேசத்து பீட் ஜில்லாவைப் பாருங்கள். அங்கிருந்து கரும்பு வெட்டப் போகிறவர்கள் புருஷனும் மனைவியும் சேர்ந்து ஒரு கத்தி என்று கணக்கு. கங்காணி முன்பணம் கொடுத்துவிடுவான். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். தங்குவது கூடாரம், கழிவறை கிடையாது. மாதவிலக்கு வந்தாலும் பிடிக்கும், நோய் வந்தாலும் பிடிக்கும். கடைசியில் அங்குள்ள பெண்கள் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். 2019இல் சர்க்கார் கமிட்டி கணக்கெடுத்தபோது, சுமார் 82,000 பெண்களில் 13,000 பேருக்கு மேல் கர்ப்பப்பை இல்லை. அநேகர் சிறு வயதினர். இதில் ஆபரேஷன் செய்து லாபம் பார்த்த டாக்டருக்கும் பங்குண்டு. அபராதம் போட்ட கங்காணிக்கும் பங்குண்டு. அந்தக் கரும்பை வாங்கிய ஆலைக்கும் பங்குண்டு. "அவர்கள் என் ஆட்களல்ல, கான்ட்ராக்டர் ஆட்கள்" என்று எந்த முதலாளியும் கை கழுவிக்கொள்ள முடியாது. கரும்பு உன்னுடையதானால் வெட்டியவளும் உன் பொறுப்புத்தான்.

இனி உரிமை என்ற விஷயத்துக்கு வருவோம். பிள்ளை பெற உதவி செய்வது மாத்திரம் போதாது. பெறுவதா வேண்டாமா, எப்பொழுது, எத்தனை என்பதை அந்தப் பெண்ணே தீர்மானிக்க வேண்டும். மற்றவர்கள் கர்ப்பத்தடையைத் தேச நலத்துக்கும், குடும்பச் சொத்துக்கும், பெண்ணின் உடம்புக்கும் வேண்டுமென்று சொன்ன காலத்திலேயே, பெண் விடுதலைக்காக வேண்டும் என்று சொன்னவர் பெரியார். 1938இல் அம்பேத்கரின் கட்சி பம்பாய் சட்டசபையில் கர்ப்பத்தடைக்காகத் தீர்மானம் கொண்டுவந்து தோற்றது. தோற்ற தீர்மானம் இன்று ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. ஆனால் எப்படி நடக்கிறது? 2019-21ஆம் வருஷத்து தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, இந்தியாவில் கல்யாணமான பெண்களில் 100க்கு சுமார் 38 பேர் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்துகொண்ட புருஷர்களோ 1,000க்கு 3 பேர்! ஆணுக்குச் செய்வது மிகச் சிறிய காரியம். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஆயினும் கத்தி எப்பொழுதும் பெண்ணின் பக்கமே போகிறது. முதலாளிமார்களே! ஆண் சிப்பந்திக்கும் இதற்காக நாலு நாள் சம்பள லீவு கொடுத்துப் பாருங்கள். தொழிற்சங்கத் தோழர்களே! போனஸ் கேட்கும் மனுவில் இதையும் ஒரு வரி சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. உதவி வேறு, கட்டாயம் வேறு. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலத்தில், ஆபரேஷன் செய்துகொள்ளாவிட்டால் சம்பளத்தை நிறுத்துவோம் என்று மிரட்டினார்கள். "பெறாதே" என்று மிரட்டுகிற முதலாளியும், "பெற்றுத்தான் ஆகவேண்டும்" என்று மிரட்டுகிற மாமியாரும் ஒரே ஜாதிதான். கர்ப்பத்தைக் கலைத்துக்கொள்வதற்கு 1971இல் சட்டம் வந்தது, 2021இல் திருத்தப்பட்டது. அதன்படி வயதுவந்த பெண்ணின் சம்மதம் போதும். புருஷன் சம்மதம் தேவையில்லை. கல்யாணமாகாத பெண்ணுக்கும் கல்யாணமான பெண்ணுக்கும் வித்தியாசம் காட்டக்கூடாது என்று 2022இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. புருஷனுக்கே இல்லாத அதிகாரம் மானேஜருக்கு எங்கிருந்து வந்தது? ஆகவே, அவள் லீவுச் சீட்டில் டாக்டர் கையெழுத்து இருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆபீசில் ஒருவருக்குத் தெரிந்தால் ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்ற பயத்தால்தான், பெண்கள் நல்ல டாக்டரை விட்டுக் கள்ள வைத்தியரிடம் போய் உயிரை விடுகிறார்கள்.

மறுமணம் செய்துகொண்ட நம் தமிழ்நாட்டு அரசாங்கப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, முதல் மணத்தில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று காரணம் சொல்லிப் பிரசவ லீவை மறுத்தார்கள். பிரசவ விடுமுறை என்பது பிள்ளைப்பேறு சம்பந்தமான உரிமைகளில் ஒரு பாகம் என்று 2025இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி அதைக் கொடுக்க உத்தரவிட்டது. அதாவது இது முதலாளி போடும் பிச்சையல்ல, பெண்ணின் பாத்தியதை.

முடிவாகச் சொல்லுகிறோம். ஆண் தொழிலாளித் தோழர்களே! முதலாளியைக் குறை சொல்லிக் கைதட்டினீர்கள். உங்கள் மனைவி வேலை செய்யுமிடத்தில் கழிவறை இருக்கிறதா என்று நீங்கள் கேட்டதுண்டா? தாய்மார்களே! உங்களுக்காக நாங்கள் பேசிக்கொண்டிருப்பது எங்களுக்குப் பெருமையல்ல. அடுத்த கூட்டத்தில் இதே மேடையில் நீங்கள் பேசவேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் பெண்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தையை விட்டுப்போகப் "பிள்ளை மடுவம்" இருக்கிறது. அந்த அளவுகூட நம் ஊர்க் கடைத்தெருவில் இல்லை. பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்தால் ஒரு அறையும் ஒரு ஆயாவும் நாலு தொட்டிலும் வைக்க முடியாதா?

நாம் மேலே சொன்ன ஜவுளிக்கடைத் தோழர் இப்போது இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயரை நாம் சொல்லப்போவதில்லை. அந்தப் பெண்ணுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. புதிதாக வந்த பெண்ணையும் நீக்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. இருவரும் இருக்கட்டும், ஆள் பத்தாகட்டும், சட்டமும் உள்ளே வரட்டும். 325 ரூபாய்க் கணக்கை அவர் இன்றிரவு வீட்டுக்குப் போய் ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும். அடுத்த திருமணத்தில் அவர் தலைமை வகித்துப் பெண்ணுரிமை பேசும்போது, நாம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க விரும்புகிறோம். அந்தப் பெண்ணும் கைக்குழந்தையோடு நம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டுமென்று விரும்புகிறோம்.